பத்து மணிக்குப் பூட்டியிருந்த வீடு

1

என் கணவர் தலையில் பழியைக் கட்டத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி இருந்தது: "பழைய துறைமுகத் தெருவுக்கு ஒரு கோழை கணக்கெடுக்க வந்தான்."

அடித்துவிட்டேன். கோழைக்கு யோசனை சொன்னது யார் என்று கேட்பீர்கள்.

2

பெரிய கப்பல்கள் ஊருக்கு வெளியே புதுத் துறைமுகத்துக்குப் போய்விட்டன. பழைய தெருவின் கிடங்குகள் ஒவ்வொன்றாக ஓட்டல்களாயின. மிச்ச வீடுகளை இடிக்குமுன் நகராட்சி கணக்கெடுத்தது. குடியிருப்பவருக்கு அதே தெருவில் மாற்று வீடு. மூன்று முறை போயும் பூட்டியிருந்தால் எதுவும் கிடையாது. கணக்கெடுக்கும் வேலை என் கணவருக்கு வந்தது. அங்கே ஒரு மாடியறையில் அவருடைய சித்தி இருந்தார். எனக்கு அத்தை முறை.

("பாவப்பட்ட கிழவி" என்று ஒரு பத்தி எழுதி அழித்தேன். பாவப்பட்டவரே அல்ல. மாலுமிகள் விடுதியில் துணி துவைக்கும் இயந்திரங்களை மேய்ப்பவர். வாய் கொஞ்சம் நீளம். "என் பிள்ளைதானே எழுதறான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.)

3

"சித்தி பேரை எழுதினா, சொந்தக்காரிக்கு வீடு குடுத்துட்டான்னு ஆபீஸ்ல பேசுவாங்க," என்றார் கணவர். பதவி உயர்வுப் பட்டியல் வரவேண்டிய மாதம்.

[நான் மௌனமாக அவரைப் பார்த்தே— இல்லை. மௌனமாக இருக்கவில்லை.]

"அவங்க வேலை முடிஞ்சு வர மத்தியானம் பன்னெண்டு ஆகுமே. நீங்க பத்து மணிக்குப் போங்க. பூட்டியிருக்கும். பூட்டியிருக்குன்னு எழுதுங்க. பொய் இல்லையே."

மூன்று முறையும் பத்து மணிக்கே போனார். மூன்றாம் நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பதவி உயர்வு வந்தது.

4

வீட்டை இடித்தபின் சித்தி எங்களைப் பார்க்க வந்தார். அவர் கத்துவதாக ஒரு பக்கம் வசனம் எழுதி வைத்திருக்கிறேன். கதைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவர் கத்தவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மூணு தடவ மாடி ஏறி வந்தானாமே என் பிள்ளை. நான் வீட்ல இல்லாம அவனுக்கு எவ்வளவு சங்கடமோ. தப்பு என்மேலதாம்மா."

கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒரு முடிவில் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இன்னொன்றில் சித்திக்கு எல்லாம் முன்பே தெரியும். இரண்டுமே என்னைத் தப்பவிடும் முடிவுகள். நான் சொன்னது இது:

"பரவால்ல அத்தை. மனசுல வச்சுக்காதீங்க."

மன்னித்தேன். நான், அவரை.

இதற்குமேல் முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சித்தி உயிரோடுதான் இருக்கிறார். அவர் இப்போது இருக்கும் இடத்துக்குப் பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம்.