பாதி டேங்க்

“எனக்கும் வண்டி கத்துக் குடுங்களேன்.”

“உனக்கு எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல.”

“நீங்க இல்லாத நேரத்துல?”

“நான் எங்க போயிடப் போறேன்?”

மாஸ்டருக்கும் மனைவிக்கும் இந்தப் பேச்சு நடந்தபோது மகளுக்கு முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. கார் அன்றைக்கே செகண்ட் ஹேண்ட்தான். இப்போது மகளுக்கு நிறைமாதம். அதே கார்தான் இன்னும் ஓடுகிறது. அந்தப் பேச்சும் மாஸ்டரின் மனதை விட்டுப் போகவில்லை, சமீப காலமாக அடிக்கடி வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த ஊரில் கார் ஓட்டுகிற பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். கற்றுக்கொடுக்கும் வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், அதிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் மாஸ்டர்.

அன்றைக்கு மனைவி விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சொந்தக் காரின் ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தார். அவர் பக்கம் பிரேக் இல்லாத வண்டி. பிரேக்கை மிதிக்கச் சொன்னபோது அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். கார் பொறுமையாகப் போய் காம்பவுண்டுச் சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை, ஒரு ஹெட்லைட் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சாயங்காலத்துக்குள் அவள் மறந்திருப்பாள். அவர் சிரித்தார்.

சிரித்ததோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு புது பேட்ச்சின் முதல் வகுப்பிலும், விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பவர்களிடம், “பயப்படாதீங்க. எங்க வீட்டம்மா செவுத்தையே ஓவர்டேக் பண்ணப் பாத்தவங்க. அவங்களவிட மோசமா உங்களால ஓட்ட முடியாது” என்பார். வகுப்பே சிரிக்கும். பயம் போய்விடும். பாடத்துக்கு உபயோகமான கதை என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒருநாள் எல்லோருக்கும் டீ எடுத்துக்கொண்டு வந்த மனைவி வாசலில் நின்று முழுக்கதையையும் கேட்டாள். தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் அவள் வண்டி கற்றுத்தரச் சொல்லிக் கேட்கவே இல்லை.

டேஷ்போர்டு விளக்கு கெட்டது மகள் ஏழாம் மாதத்தில் இங்கே வந்து சேர்ந்த சமயத்தில். மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், பிரசவத்துக்கு முன்னால் திரும்ப வழியில்லை. வீடு ஊரின் கடைசித் தெருவில், ஆஸ்பத்திரி பைபாஸுக்கு அந்தப் பக்கம். ராத்திரியில் வாடகை வண்டி அந்தத் தெருவுக்கு வர யோசிக்கும். “எப்ப வலி எடுக்கும்னு சொல்ல முடியாதாம்ப்பா” என்றாள் மகள். “எப்ப எடுத்தா என்னம்மா? அப்பா இருக்கேன்” என்றார்.

கோளாறு நிஜமாகவே இருந்தது. ஸ்பீடோமீட்டரின் ஒரு பாதி இருட்டாகிவிட்டது, மறுபாதி குண்டுகுழியில் ஏறினால் எரியும், இறங்கினால் அணையும். மனைவியின் தம்பி ஆட்டோ எலக்ட்ரீஷியன். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவன் ‘ஒயர்’. ஒயர் டேஷ்போர்டின் மேல்மூடியைக் கழற்றி, மீட்டரை முன்னால் இழுத்து, பின்பக்கத்துக் குட்டி பல்புகளைத் திருகி எடுத்தான். இரண்டு பல்பு கறுத்துப் போயிருந்தன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரத்திலும் துரு. உப்புத்தாளால் தேய்த்து, பல்பை மாற்றி, எல்லாவற்றையும் பழையபடி பூட்டினான்.

“இப்ப பாருங்க அத்தான், கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு.”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது மாஸ்டருக்கு மண்டபமும் தெரியவில்லை, மணவறையும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். முள் எங்கே, எண் எங்கே என்று புரியாத ஒரு மஞ்சள் கலங்கல். எதிரே வந்த ஹெட்லைட்டுகள் ஒவ்வொன்றும் பஞ்சுப் பொதியாக வெடித்துப் பரவின. வியர்த்துவிட்டது. வீட்டில் இறங்கியதும், “உன் தம்பி வேலை சுத்தமில்ல. வெளிச்சம் பத்தல” என்றார்.

அந்தப் பொய் சுலபமாக வந்தது. அதுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது. சாயங்கால பேட்ச்சை முன்பே அசிஸ்டெண்டிடம் தள்ளிவிட்டிருந்தார், டிராஃபிக் அதிகம் என்று காரணம் சொல்லி. கண் டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் எதையாவது சொல்லிவிடுவார், அப்புறம் ஊருக்கே தெரிந்துவிடும். பார்வை தெரியாத டிரைவிங் மாஸ்டர். சுவரை ஓவர்டேக் செய்த கதையைவிட இது நல்ல கதை. குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பார். துண்டை எடுத்துத் தலை துவட்டுவதற்குள் அதை விழுங்கிவிடுவார்.

கார் மறுபடியும் ஒயரிடம் போனது. “பார்ட்ஸ் வரணும் அத்தான், வண்டி இங்கயே இருக்கட்டும்” என்று பல நாள் வைத்துக்கொண்டான். பளீரென்ற வெள்ளை பல்பு போட்டுக் கொடுத்தான். அதுவும் பத்தவில்லை. மூன்றாவது தடவையும் போனது, மறுபடியும் பார்ட்ஸ் வரவில்லை. ஒவ்வொரு முறை வண்டியைத் திரும்ப எடுக்கும்போதும் டிரைவர் சீட் முன்னால் இழுத்து விடப்பட்டிருக்கும், மாஸ்டரின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும்.

இன்றைக்கு, மூன்றாவது முறை வண்டியை எடுக்க மனைவியோடு வந்தபோதும் இடித்தது.

“எத்தன தடவ சொல்றது மச்சான், சீட்ட முன்னாடி இழுக்காதன்னு? உனக்கென்ன, ஒட்டகம் மாதிரி காலு. எதுக்கு இழுக்கிற?”

ஒயர் அக்காவைப் பார்த்தான். அவள் பக்கத்து சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பட்டறைச் சுவரில் தொங்கிய பழைய ஹாரன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, இருட்டுல ஒரு தடவ பாத்துடலாம்” என்று ஒயர் ஷட்டரைக் கீழே இறக்கினான். பட்டறை இருண்டது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மாஸ்டரின் காலருகே குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளிருந்தே குரல் கொடுத்தான்.

“சாவியத் திருப்பி லைட்டப் போடுங்க அத்தான். எரியுதா?”

“எரியுது.”

“நம்பர் எல்லாம் தெரியுதா?”

“தெரியாம என்ன? இருபது, நாப்பது, அறுபது...” மாஸ்டர் வரிசையாகச் சொன்னார். அந்த மீட்டரைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்.

“பெட்ரோல் முள்ளு என்ன காட்டுது? அதுக்குப் போற சாக்கெட்ட மாட்டினேனா இல்லையான்னு சந்தேகமா இருக்கு.”

வண்டியை இங்கே விட்ட அன்றைக்குத்தான் பெட்ரோல் போட்டிருந்தார். கணக்கு மனதில் இருந்தது.

“பாதி டேங்க்.”

“பாதியா?”

“பாதிதான்டா. சரியா நடுவுல நிக்குது.”

“அப்ப சரி, மாட்டியிருக்கேன்” என்று ஒயர் தலையை வெளியே இழுத்தான். இழுத்தவன் அப்படியே நின்றான். டார்ச் வெளிச்சத்தில் அவன் விரல்களுக்கு நடுவே ஒரு வெள்ளை சாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கேயும் மாட்டப்படாத சாக்கெட்.

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்ப மறுத்துக்கொண்டிருந்தது.

ஒயர் மறுபடியும் குனிந்தான். டக்கென்று ஒரு சத்தம்.

“இப்ப?” அவன் யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.

“இப்ப ஏறுது” என்றாள் மனைவி மெதுவாக. “கீழ படுத்துக் கெடந்துச்சு. இப்பதான் பாதிக்கு வந்து நின்னுருக்கு.”

மாஸ்டரின் காது மடல் சுட்டது. மச்சான் ஏதாவது கிண்டல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை, அவன் செய்யாத நாளில்லை. “கை கழுவிட்டு வரேன்” என்று ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போய்விட்டான். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன, ஒவ்வொன்றைச் சுற்றியும் அவர் கண்ணில் ஒரு மங்கல் வட்டம்.

சாவியைத் திருகினார். என்ஜின் ஓடியது. கியரில் கை வைத்தார், போடவில்லை.

கொஞ்ச நாளாகவே வண்டியில் இவள் சும்மா வருவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ‘ஏங்க, எழுவதுல போறீங்களே, கொஞ்சம் மெதுவா.’ ‘பெட்ரோல் கம்மியாத் தெரியுது, போட்டுக்கலாமா?’ ‘ஹேண்ட் பிரேக் லைட்டு எரியுதே.’ நச்சரிப்பு என்று எரிந்து விழுந்திருக்கிறார். மீட்டரை அவருக்காகப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் கேட்காமலே, அவருக்கு வலிக்காமலே.

என்ஜினை அணைத்தார்.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“மொத தடவ வெளிச்சம் பத்தலன்னீங்களே, அன்னைக்கு. நான் போய்ப் போட்டுப் பாத்தேன், எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.”

“ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். முழங்கால் இன்னும் அதில் இடித்துக்கொண்டுதான் இருந்தது. சீட்டை அவர் பின்னால் தள்ளவே இல்லை. கையை இறக்கி, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைத் தொட்டவர் நின்றார்.

“இந்த சீட்ட யாரு முன்னாடி இழுக்கிறது?”

கைப்பையின் ஜிப்பை அவள் ஒருமுறை திறந்து மூடினாள்.

“நான்தான்.”

“நீயா?”

“தம்பி சொல்லிக் குடுத்தான். வண்டி இங்க நிக்கிறப்ப எல்லாம் மத்தியானத்துல வந்துடுவேன். ஓட்டின அளவுக்குப் பெட்ரோலும் போட்டு வெச்சுடுவேன்.”

“பார்ட்ஸ் வரலன்னு சொன்னானே.”

“பார்ட்ஸ் மறுநாளே வந்துடும்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. வெளிச்சம் பத்தவில்லை என்று அவர் பொய் சொல்லி வண்டியை அனுப்ப, பார்ட்ஸ் வரவில்லை என்று இவர்கள் பொய் சொல்லி வைத்துக்கொள்ள. நடுவில் ஒன்றும் அறியாத கார், டேஷ்போர்டைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டது.

“லைசென்ஸும் வாங்கிட்டேன். பக்கத்து ஊர் ஆபீஸ்ல. இங்க எடுத்தா அத்தன பேரும் உங்களுக்குத் தெரிஞ்சவங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்த...”

“எப்படிங்க சொல்றது?” அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். “ஏற்கனவே ஒரு செவுரு கத ஓடிட்டிருக்கு. இதுல வேற எங்கயாவது முட்டி வெச்சா, அதையும் சேத்து ரெண்டாவது வகுப்புக்கு வெச்சுப்பீங்க.”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. இத்தனை வருஷமும் எத்தனை முதல் வகுப்புகள். அவ்வளவு பேர் சிரித்திருக்கிறார்கள். கடைத்தெருவில் அவளைப் பார்க்கும்போது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அவள் எத்தனை தடவை அந்தச் சிரிப்பைத் தாண்டிக் காய்கறிப் பையோடு நடந்திருப்பாள்? ஒரு பெட்ரோல் முள்ளைப் பற்றிச் சொன்ன பொய்க்கு, இரண்டே பேர் முன்னால் தனக்கு இப்படிக் காது எரிகிறதே.

“அந்தக் கதைய இனிமே சொல்ல மாட்டேன்.”

“சரி.”

“மன்னிச்சுக்கன்னு சொன்னா சின்னதா இருக்கு.”

“அப்ப சொல்லாதீங்க” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “கண்ணுல புரையாத்தான் இருக்கும்னு தம்பி சொல்றான். அவன் மாமனாருக்கு எடுத்தாங்களாம், இப்ப ஊசில நூல் கோக்கிறாராம்” என்றாள்.

ஃபோன் அடித்தது. மகள். மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அப்பா, கிளம்பிட்டீங்களா? எனக்கு இடுப்பு ஒரு மாதிரி வலிக்குது. பயப்படாதீங்க, விட்டு விட்டுத்தான். இருந்தாலும் டாக்டர் ஒரு தடவ வந்து காட்டச் சொல்லிட்டாங்க. சீக்கிரம் வாங்க.”

“வரோம்மா. நீ படுத்துக்கோ.”

“லைட்டு சரியாயிடுச்சாப்பா?”

மாஸ்டர் மீட்டரின் வெள்ளைக் கலங்கலைப் பார்த்தார்.

“லைட்டுல ஒண்ணுமில்லம்மா. லைட்டு நல்லாத்தான் இருக்கு.”

ஃபோன் அணைந்தது. வெளியே இன்னும் கொஞ்சம் இருட்டிவிட்டது. மனைவி நகரவில்லை. சாவி அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டவில்லை.

“நீ... எடுத்துக்கலாமே” என்றார்.

“நானா எடுக்க மாட்டேங்க” என்றாள். “நான் ஒரு தடவ கேட்டுட்டேன்.”

குழாயடியில் ஒயர் எப்போதோ கழுவி முடித்த கையை இன்னும் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் வீணாய் ஓடியது.

மாஸ்டர் சாவியை உருவினார். கதவைத் திறந்து இறங்கினார். பானெட்டை ஒரு கையால் தடவிக்கொண்டே, பழைய ஹெட்லைட்டைத் தாண்டி, மறுபக்கம் வந்தார். அவள் கதவைத் திறந்தார். குளியலறையில் எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்த வாக்கியம், தண்ணீர்ச் சத்தம் மறைத்த வாக்கியம். மச்சான் காதில் விழுந்தாலும் விழட்டும் என்று உரக்கவே சொன்னார்.

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நம்ம புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வண்டிய நீ ஓட்டறியா?”