வாசலிலிருந்து உள்ளே

…சிரிக்கிறார்கள், மூன்று வருடம் விரல் வீங்க எழுதிய கதைக்கு இந்தச் சத்திரத்து ஆட்கள் இருமி இருமிச் சிரிக்கிறார்கள், பெர்னாலுக்கு வேறென்ன வேண்டும், வெயில் தாழும்வரை கோதுமை வெட்டுகிறவர்களுக்கு வேலையில்லை, மது ஜாடியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், நாவிதன் தமியான் உரக்க வாசிக்கிறான், எழுதியவனே மூலையில் ரொட்டி பிய்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது, தெரியவேண்டாம், இந்தச் சுகம் இன்னும் கொஞ்சம் நீளட்டும்… கதையின் போக்கிரி தன் அம்மாவைப் பற்றிச் சொல்லும் இடம் வந்துவிட்டது. வாசற்படியில் தொடங்கி உள்பக்கமாகவே பெருக்கி அடுப்படியில் குப்பையை அள்ளுவாள், வாசலைத் தாண்டி ஒரு தூசி போகாது, அப்படியொரு கருமி, குப்பையைக்கூடத் தெருவுக்குக் கொடுக்கமாட்டாள். இங்கே சிரிப்பு வரும் என்று பெர்னால் காத்திருந்தான். வரவில்லை. மது ஊற்றிக்கொண்டிருந்த சத்திரக்காரி கஸில்டாவின் கை நின்றுவிட்டது.

“யோவ் தமியான், அந்த எடத்த இன்னொரு தடவ படி.”

படித்தான்.

“கருமியாவது மண்ணாவது! அவ யூதச்சிய்யா. ஞானஸ்நானம் வாங்கிட்டு வீட்டுக்குள்ள பழசையே கும்பிடுறவ. இப்படிப் பெருக்குறவளப் பாத்தா விசாரணைச் சபைக்கு வந்து சொல்லுங்கன்னு தவக்காலத்துல கோயில்ல பட்டியல் போட்டுப் படிக்கிறாங்களே, ஒன் காதுல என்ன பஞ்சா?”

“நான் எங்க கேட்டேன் அக்கா, தூங்கிட்டிருந்திருப்பேன்.”

“நேர்ல பாக்காதவனுக்கு இப்படி எழுத வருமா? எந்த ஊர்க்காரனாம்?”

தமியான் முதல் ஏட்டைப் புரட்டினான். “மெதினான்னு போட்டிருக்கு. பேரும் இருக்கு.”

ஊர், பேர், இரண்டையும் பெரிய எழுத்தில் போடச் சொன்னது பெர்னால்தான், ஆயிரத்தைந்நூறு பிரதி, எத்தனை சத்திரத்தில் எத்தனை கஸில்டாக்கள்… பொய், அம்மா அப்படியில்லை, எல்லா அம்மாவுக்கும் ஒரு கிறுக்கு உண்டு, நம் அம்மாவுக்கு இது, அப்படித்தானே நினைத்தான், அந்தப் பட்டியலை வருடாவருடம் கேட்டவன்தானே, கேட்டானா, பாதிரியார் படிக்கும்போதெல்லாம் மனசுக்குள் அத்தியாயம் கட்டிக்கொண்டிருந்தானே… தணிக்கை செய்த துறவி பக்கம் பக்கமாகப் பார்த்தாரே, அவர் கண்ணில் படவில்லையா, அல்லது பட்டுத்தான் குறித்து வைத்திருக்கிறாரா? மெதினா இரண்டு நாள் வழி, ஓடிப்போய் அம்மாவைத் தப்பவைக்கலாம், ஓடினால் அந்த ஓட்டமே சாட்சி, ஓடாவிட்டால் அவளைக் கம்பத்தில் கட்டி விறகடுக்கி… வேண்டாம், அதை நினைக்கவேண்டாம். அவளுக்கு எழுத்து தெரியாது, இந்தப் பக்கத்தை அவனே வாசித்துக் காட்டினான், சிரிப்பாள் என்று. விளக்குமாற்றைப் பிடித்தபடி கேட்டாள். அதைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். பிறகு, “அச்சாயிருச்சாப்பா?” “ஆயிருச்சும்மா.” “சரி, கஞ்சி ஆறுது, சாப்பிடு.” அவ்வளவுதான். ஆயிருச்சும்மா என்றானே, எவ்வளவு பெருமையாக…

“ஏன் ஐயா, மூஞ்சி வெளுத்துப்போச்சு? நீங்க எந்த ஊரு?” கஸில்டா அவன் எதிரில் நின்றாள்.

“தொலேதோ,” என்றான் பெர்னால். “வெயிலு, வேறொண்ணுமில்ல. யூதச்சிக் கிழவி, நல்லா மாட்டினா!” தலையைப் பின்னால் சாய்த்து மேசையைத் தட்டிச் சிரித்தான். அவள் திருப்தியாக நகர்ந்துபோனாள். இந்தச் சிரிப்பை அவன் ஒருநாளும் சிரித்ததில்லை, ஆனால் பார்த்திருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரிகள், யூதர்கள் தொடாத பன்றி வறுவலைக் கொண்டுவந்து, எங்க முன்னாடியே சாப்பிடு மென்சியா என்று நின்ற ஒவ்வொரு முறையும், அம்மாவின் முகத்தில்…