பறவைக் காப்பு

கேலப் நகரத்துக் கடைக்காரர் பழுது பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பிய வெள்ளிக் கைக்காப்பில், பறவை உருவத்தின் நெஞ்சுக் கல் மட்டும் இல்லை. சிறகில் பவளம், வாலில் சிப்பி, தலையில் கருங்கல் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்ததுமே வெல்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கற்களைப் பதித்தவளே அவள்தான்.

அமெரிக்கப் பழங்குடியான ஜூனிகளின் ஊரில் அவளுடைய வேலை கல் இழைப்பது. மேட்டுக்கு அந்தப் பக்கம் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் இருக்கும் ஹாஸ்கி, வெள்ளியை அடித்து, கல் உட்காரக் குழி விட்டு அவளிடம் கொண்டுவருவான். இருவருமாக இதுபோல எத்தனையோ பறவைகள் செய்து விற்றிருந்தார்கள். இது யார் கைக்குப் போனது என்று அவளுக்கு நினைவில்லை.

நீலப்பச்சைக் கல்லில் ஒரு துண்டை அறுத்து, சாணையில் இழைத்து, பசை தடவிக் குழியில் உட்காரவைத்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கல் பலகைமேல் கிடந்தது. குழியில் பசையின் பிசுக்குக்கூட இல்லை.

"வயசாச்சுல்ல, கை நடுங்குது போல," என்றான் கணவன் ஆர்டன்.

"உன் வாய் மட்டும் நடுங்கவே மாட்டேங்குது," என்றாள் வெல்டா.

மறுபடி பதித்தாள். இந்த முறை வெள்ளி விளிம்பைக் கல்லின்மேல் லேசாக மடித்து அமுக்கினாள். விறகு பிளந்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது கல் வாசற்படியருகே தரையில் கிடந்தது. விளிம்பு மடிந்தது மடிந்தபடியே இருந்தது.

அவள் ஆர்டனிடம் சொல்லவில்லை. கல்லைத் திரும்ப வைத்துவிட்டு, காப்பை உள்ளங்கையில் ஏந்தியபடி அடுப்பருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணெதிரேயே கல் மெல்ல எழும்பியது. அடியிலிருந்து ஒரு கட்டைவிரல் அதைத் தள்ளுவதுபோல இருந்தது. அடியில் இருந்ததோ கெட்டி வெள்ளி. கல் அவள் விரலிடுக்கில் சரிந்து விழுந்தபோது பனிக்கட்டி போல ஜில்லிட்டது.

அப்போதுதான் வெளியே ஹாஸ்கியின் வண்டிச் சத்தம் கேட்டது.

"என்னக்கா ஊரு இது! வீடெல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது. இந்த வீட்டுல தும்முனா அந்த வீட்டுக்காரன் மூக்கைச் சிந்துறான்," என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"உங்க ஊருல பக்கத்து வீட்டுக்குப் போகவே பெட்ரோல் போடணும். உள்ள வா," என்று பதிலுக்குச் சொன்னாள் வெல்டா. ஆனால் அவள் குரலில் கலகலப்பு இல்லை.

ஹாஸ்கி வாசலில் கால் வைத்தான். அவள் கையிலிருந்த காப்பைப் பார்த்தான். வைத்த காலை அப்படியே பின்னுக்கு எடுத்தான்.

"அது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

சொன்னாள். அவன் தெருவில் நின்றபடியே பேசினான். உள்ளே வரவே இல்லை.

"என் தங்கச்சியோடது. போன குளிர்காலத்துல நம்மள விட்டுப் போச்சே, அது." நவஹோக்கள் இறந்தவர்களின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "பாறை இடுக்குல வச்சு மூடுனப்போ கையில போட்டுத்தான் அனுப்புனோம். எவனோ திருட்டுப்பய தோண்டியிருக்கான்."

"இப்ப என்ன பண்றது?"

"திரும்பப் போய்ச் சேரணும். நாங்க நவஹோக்காரங்க, புதைச்ச பக்கம் போகக் கூடாதுக்கா, போனா ஆவி ஒட்டிக்கும். நீங்க ஜூனி. உங்களை ஒண்ணும் பண்ணாது."

"அதை யாரு உனக்கு எழுதிக் கொடுத்தா?" என்றாள் வெல்டா. ஆனாலும் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். வண்டியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னம் உப்ப மிட்டாய் தின்றுகொண்டே வருவாள்.

தங்கையைப் புதைத்த செம்பாறைக்குத் தூரத்திலேயே ஹாஸ்கி வண்டியை நிறுத்தி, விரல் நீட்டாமல் உதட்டைக் குவித்து வழி காட்டினான். வெல்டா மட்டும் பனியில் நடந்தாள். காற்றே இல்லை. காப்பு அவள் கைப்பையில் இருந்தும் இடுப்போரம் விறைத்துக்கொண்டே வந்தது.

இடுக்கின் வாயைக் கற்களால் அடைத்து மண் பூசியிருந்தார்கள். பூசியவர்களின் விரல் தடங்கள் அந்த மண்ணில் காய்ந்து அப்படியே இருந்தன. ஒரு கீறல் இல்லை. ஒரு கல்கூட அசையவில்லை. யாரும் எதையும் தோண்டவில்லை.

 வெல்டா காப்போடு திரும்பி வந்து வண்டிக் கதவைத் திறந்தாள்.

"நீ போட்டு அனுப்பல," என்றாள்.

ஹாஸ்கி ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான்.

"என் கையால செஞ்சதுலயே அதுதான்க்கா நல்ல வேலை. மண்ணுக்குள்ள போட மனசு வரல. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புனப்போ கழட்டி சட்டைக்குள்ள போட்டுக்கிட்டேன். மாவு மூட்டைக்குள்ள ஒளிச்சு வச்சேன். ஒருநாள் காலையில எழுந்தா நெஞ்சுக் கல்லு மட்டும் என் தலையணையில கிடக்குது. பயந்து ஆத்துல எறிஞ்சேன். மறுநாளே காப்பைக் கேலப்புல வித்துட்டேன். தொலைஞ்சுதுன்னு நினைச்சேன்."

"இந்தா. நான் வைக்கமாட்டேன். உன் கையால வாங்கத்தான் உன் தங்கச்சி இதை இத்தனை சுத்து சுத்த வச்சிருக்கா."

"அக்கா, நான் போகக் கூடாது."

"கழட்டும்போது கூடாதுன்னு தெரியலையா?"

 அவன் காப்பை வாங்கிக்கொண்டு இறங்கினான்.

வெல்டா வண்டிக்குள்ளிருந்தே பார்த்தாள். பாறையை நெருங்கும்வரை கால் வைக்கவே தயங்கித் தயங்கிப் போனான். அங்கே போய் மண்டியிட்டு மண்ணைப் பெயர்த்து ஒரு கல்லை உருவினான். தோள்வரை கையை உள்ளே விட்டான். அதை வெளியே எடுக்கவில்லை. தலையைப் பாறையில் சாய்த்துக்கொண்டான். உதடு அசைவது தெரிந்தது. பேசினான், நிறுத்தினான், தலையாட்டினான், மறுபடி பேசினான். பாறையின் நிழல் நீண்டு அவனை மூடும்வரை அப்படியே இருந்தான். நிழலுக்குள் அவன் என்ன செய்தான் என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. கடைசியில் கல்லைத் திரும்ப வைத்து, பனியில் மண்ணைக் குழைத்துப் பூசினான்.

திரும்பி வரும்போது, அவன் போட்டுக்கொண்டு போயிருந்த ஆட்டுத்தோல் கோட்டு உடம்பில் இல்லை. சட்டையோடு வந்தான். பற்கள் கிட்டித்துப் போயிருந்தன.

"கோட்டை எங்கடா விட்ட?"

"அவ குளிருதுன்னு சொன்னா, அக்கா. கொடுத்துட்டேன்."

 வெல்டா தன் சால்வையை அவன்மேல் போர்த்தினாள். ஆவி பின்தொடராமல் இருக்கச் சீடர் மரத்தின் தழையை எரித்து இருவரும் புகை காட்டிக்கொண்ட பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்கள்.

ஹாஸ்கி படுத்த படுக்கையானான். அவன் மனைவி வீட்டார் நோய் தீர்க்கும் மந்திரப் பாடகர் ஒருவரை அழைத்து வந்து இரவிரவாகப் பாடவைத்தார்கள். கேலப் கடைக்காரருக்கு வெல்டா தன் வேலையில் நல்லதாக வேறொரு காப்பைக் கொடுத்தாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

பனி உருகிச் சேறான பிறகு, ஒரு நாள் ஹாஸ்கி வந்தான். பாதி உடம்பாக இளைத்திருந்தான். கொண்டுவந்த வெள்ளியைப் பிரித்துக் காட்டினான், ஆர்டனோடு குதிரைப் பந்தயம் பற்றிப் பேசினான், சாப்பிட உட்கார்ந்தான். ரொட்டியைப் பிட்டுக் குழம்பில் தோய்க்கும்போதுதான், யாரும் கேட்காமலே சொன்னான்.

"அவளுக்குக் கோபமே இல்லக்கா. நல்லா இருக்கியான்னு கேட்டா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

ஆர்டன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். வெல்டா ஹாஸ்கியின் கிண்ணத்தை வாங்கி, அடியிலிருந்து கறித்துண்டாகப் பார்த்து அள்ளிப் போட்டாள்.