பிழையில்லாத ஒரு வாக்கியம்

"ஐ ஆம் ஸ்டில் லேர்னிங் இங்கிலீஷ்" என்று நான் பிசிறில்லாமல் சொல்லி முடித்ததும் நிர்வாக அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"ரொம்ப நல்லதும்மா. முழுசா கத்துக்கிட்டு வாங்க. அடுத்த தடவை பாக்கலாம்."

அவ்வளவுதான் என் இன்டர்வியூ. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக மாடாய் உழைக்கிறேன். மேற்பார்வையாளர் இடம் இப்போதுதான் காலியானது. சலவையைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாக்கியம் என் வீட்டுக்காரர் கண்டுபிடிப்பு. கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "உள்ள போனதும் இதைச் சொல்லிடு. அப்புறம் நீ தப்புத்தப்பா பேசினாலும் கண்டுக்க மாட்டாங்க" என்றார். மூன்று நாள் பாத்திரம் தேய்க்கும்போதும் பேருந்திலும் முணுமுணுத்தேன். பக்கத்து இருக்கைக்காரி எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று தள்ளி உட்கார்ந்தாள். என் வாயில் தப்பில்லாமல் வந்த ஒரே இங்கிலீஷ் அது. அதைச் சொல்லி என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அந்த மனுஷனுக்கு இருக்கிறது கச்சேரி.

படி இறங்கிக்கொண்டே யோசித்தேன். அதிகாரி பேசுவது தமிழ். சலவைக்கூடத்தில் பதினான்கு பேரும் பேசுவது தமிழ். பிறகு யாரிடம் பேச எனக்கு இங்கிலீஷ்? அழுக்குத் துணியிடமா?

கீழே சலவைக்கூடத்தின் கழிவுக் கூடையில் பாழான படுக்கை விரிப்புகள் கிடந்தன. ரத்தக்கறையை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். நேற்று நான் விடுப்பு. யாரோ நேராகச் சுடுதண்ணீரில் போட்டு, கறை பழுப்பாய்ப் பிடித்துவிட்டது. இனி எதற்கும் போகாது. ஒன்றை உருவிக்கொண்டு மறுபடி மேலே ஏறினேன். கதவைத் தட்டவில்லை.

"என்னம்மா இது? உங்க இன்டர்வியூதான் முடிஞ்சுடுச்சே?"

விரிப்பை உதறி அவர் மேசைமேல் விரித்தேன். பேனா, கைபேசி, இன்டர்வியூவுக்கு வந்த எங்கள் பெயர்கள் எழுதிய தாள் எல்லாம் அடியில் போயின.

"இது ஏன் இப்படி ஆச்சுன்னு இங்கிலீஷ்லயே கேளுங்க சார். நான் தமிழ்ல சொல்றேன். புரியலைன்னா சொல்லுங்க, கத்துத் தர்றேன்."

அவர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி அந்தத் தாளை எடுக்கப் பார்த்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரிப்பின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டேன்.