ஓர எண்கள்

1

"அரே பக்லி, பைத்தியமே, ஓர எண்ணையும் அழிச்சிட்டியா?"

வைஜெயந்தி அக்கா ரூபாவைக் கேட்ட இந்தக் கேள்வியில்தான் கதை பிறந்தது. (பெரிய கதைகள் போரில் பிறக்கும். இது ரப்பர் தூளில்.)

ஒரு தகட்டில் எங்கே எவ்வளவு சூடு என்று கண்டுபிடிக்கும் கணக்கு. ஓரங்களின் சூடு தெரியும், அது மாறாது. உள்ளே குத்துமதிப்பாக எண்களைப் போட்டு, ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள நான்கின் சராசரியாக மாற்ற வேண்டும். மறுபடியும், மறுபடியும், எண்கள் அசையாமல் நிற்கும்வரை. போர்ட் பிளேரில் எம்.எஸ்சி. படிக்கும் அக்கா இதைக் கம்ப்யூட்டரில் செய்வாள். லீவுக்கு வந்த இடத்தில், அந்தமானின் மாயாபந்தரில், கரண்ட் போயிருந்ததால், ஒன்பதாவதோடு நின்ற பக்கத்து வீட்டு ரூபா பென்சிலோடு உட்கார்ந்தாள். ஓரத்தையும் சேர்த்து மாற்றிக்கொண்டே போனாள். தகடு முழுக்க ஒரே வெதுவெதுப்பு.

"ஓரம் நிக்கணும்டி. இல்லன்னா எல்லாம் ஒண்ணாயிடும்."

2

கடல் அன்று அமைதியாக

(வேண்டாம். தீவில் யார் பேனா எடுத்தாலும் கடல்தான் முதலில் வந்து உட்காருகிறது.)

ரூபா எழுதும் கதையில் ஒரு பெண். அக்காவோடு போர்ட் பிளேர் போய்த் தங்கி, பத்தாவது எழுத ஆசை. அப்பா சம்மதிக்க வேண்டும். (பெண்ணுக்கு வேறு பெயர் வைத்தாள். யாரும் ஏமாறப்போவதில்லை.)

3

முதல் வடிவத்தில் அப்பா குடையை ஆட்டிக் கத்துகிறார், பெண் அழுகிறாள். அவள் அழுவதால் அடுத்ததில் அவர் கொஞ்சம் இளகுகிறார். அவர் இளகுவதால் அவள் கொஞ்சம் குறைவாக அழுகிறாள். இப்படியே போய், கடைசி வடிவத்தில் எல்லாரும் டீ குடிக்கிறார்கள். பஸ் கண்டக்டர்கூடக் கண்கலங்குகிறார்.

மறுபடியும் வெதுவெதுப்பு. மறுபடியும் ஓரத்தை அழித்திருக்கிறாள். இத்தனை வடிவம் எழுதியவள், அப்பாவிடம் இன்னும் கேட்கவே இல்லை.

4

காலை. அக்காவின் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெளியே தூறல். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் ரூபாவின் அப்பா ஜம்புலிங்கம் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"அப்பா, நான் அக்காகூடப் போய் பத்தாவது எழுதட்டா?"

(இங்கே அவர் சொல்ல நாலு பதில் எழுதி வைத்திருந்தாள். நாலிலும் அவர் ரூபாவைப் போலவே பேசினார். வாசகரே, உள்ளே உங்களுக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஓரத்தை மட்டும் தொடாதீர்கள். ஓரம் இதுதான்.)

அவர் கை கழுவினார். வீட்டில் இருந்த ஒரே குடையை ஆணியிலிருந்து எடுத்தார். வாசலில் வானத்தைப் பார்த்தார், பிறகு ரூபாவை. குடையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தூறலில் இறங்கிப் போனார்.