பின் இருக்கையில் தூங்கியவன்

பெப்ரவரி முதலாம் திகதி சனிக்கிழமை காலை, லண்டன் சட்டனில் வசிக்கும் பத்மநாதனின் ஏழு இருக்கைக் காரின் கடைசி வரிசையில் இருபத்துநாலு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன் தூங்கிக்கொண்டிருந்தான். கார் பூட்டியபடியே இருந்தது. கண்ணாடிகள் அவனுடைய மூச்சால் உள்பக்கம் வெளிறியிருந்தன. இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து தோளில் தட்டிப் பார்த்தார்கள்; அவன் அசையவில்லை. பிறகு அம்புலன்ஸ் வந்தது. நாடி சீராக இருக்கிறதென்று சொல்லி அவனைத் தூக்கப் பார்த்தார்கள். இருக்கையும் சேர்ந்து எழும்பியதால் விட்டுவிட்டார்கள். களவு எதுவும் போகவில்லை, காயம் எதுவும் இல்லை, இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. பதினொரு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். பத்மநாதனின் மனைவி நகுலேஸ்வரி, "ஆர் இந்தப் பொடியன்? உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். "தெரியேல்லை," என்றார் பத்மநாதன். கண்ட மாத்திரத்திலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல்நாள் மாலைதான் அவர்கள் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார்கள். பெப்ரவரிப் பாடசாலை விடுமுறையில் அந்தக் குடும்பம் காரில் எங்காவது போவது வழக்கம். வேல்ஸுக்கு நாலு தடவை, டெவனுக்கு மூன்று தடவை, மழையில் ஸ்கொட்லாந்துக்கு ஒரு தடவை. கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும் போனதில்லை. கேட்டபோதெல்லாம் பத்மநாதனுக்கு முதுகு வலித்தது, அல்லது டயர் தேய்ந்திருந்தது. இந்த வருடம் மூத்த மகள் கோசிகா, காரை ரயிலில் ஏற்றிக் கடலுக்கு அடியால் பிரான்சுக்குப் போய் பெல்ஜியம் வரை ஓடுவதென்று ஒரு பட்டியலே எழுதி குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டாள். நகுலேஸ்வரியும் சேர்ந்துகொண்டாள். "பெல்ஜியத்தில, அன்ற்வேர்ப்பில யோகராஜா அண்ணை எண்டு ஒருத்தர், உங்கட ஊராளாம். கலியாண வீடுகளில காணுற ஆக்களிட்டயெல்லாம் உங்களை விசாரிக்கிறாராம். ஒரு எட்டுப் பாத்திட்டு வருவம்," என்றாள். பணத்தைக் கட்டியபின் மறுக்கக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

வீடுகளைச் சூடாக்கும் பொயிலர் திருத்துவது பத்மநாதனின் தொழில். தூங்குகிறவனை ஏற்றிக்கொண்டே அவர் இரண்டு வாரம் வேலைக்குப் போய்வந்தார். உள்ளே இருந்த கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டு, வெளிக்கண்ணாடிகளை நம்பியே ஓட்டினார். வானொலி போடுவதை நிறுத்தினார். பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிட்டார்கள். சூட்கேஸை எந்தப் பக்கம் வைத்தால் அவனுடைய முழங்கால் இடிபடாது என்று சின்னவள் மயூரா அளந்து பார்த்தாள். ஆனால் அவன் இடைக்கிடை இருமினான். அடித்தொண்டையிலிருந்து வருகிற, சளி கட்டிய இருமல். வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பத்மநாதனுக்கு அது கேட்கும். கையில் எடுத்த சோற்றைத் திரும்பவும் கோப்பையில் வைத்துவிடுவார்.

பயணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் அவர் முதுகு வலிக்கிறது என்றார். நகுலேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு அவருக்கு முன்னால் வந்து இருந்தாள். "அந்தப் பொடியன் ஆர் எண்டு சொல்லுங்கோ. பிறகு முதுகைப் பற்றிக் கதைப்பம்."

அவர் சொன்னார். அது யோகராஜா, அந்த நாளைய வயதில். இரண்டாயிரமாம் ஆண்டு ஜனவரி. ஜேர்மனியில் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேர் பிரான்சின் கரைக்கு வந்து, லொறிகள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்துப் பற்றையில் ஒன்பது நாள் ஒளிந்திருந்தார்கள். ஒருவர் தூங்கினால் மற்றவர் முழித்திருக்க வேண்டும், லொறி வாய்த்தால் எழுப்ப வேண்டும் என்பது பேச்சு. யோகராஜாவுக்கு இருமல் பிடித்திருந்தது. பத்தாம் நாள் விடியும்போது ஒரு சாரதி லொறியை மூடும் படங்கைச் சரியாகக் கட்டாமல் தேநீர் குடிக்கப் போனான். உள்ளே கடதாசி உருளைகளுக்கு நடுவில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. காவல் இருந்தவர் பத்மநாதன். இவன் இருமினால் பிடிபடுவோம் என்று நினைத்தார். எழுப்பவில்லை. "ரெண்டு பேருக்கு இடம் இருந்தது, நகுலா," என்று இரண்டு தரம் சொன்னார்.

கதவடியில் நின்ற மயூராவை இருவரும் கவனிக்கவில்லை. "அப்பா, சும்மா ஒருக்கா கூப்பிட்டிருக்கலாமே?" என்று அவள் கேட்டாள். பதினொரு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் பத்மநாதன் எழுந்து போய்க் காருக்குள் ஏறினார். "மச்சான், எழும்பு. லொறி வந்திட்டுது," என்று அவனுடைய காதுக்குள் சொன்னார். தோளைப் பிடித்து உலுக்கினார். அவன் ஒருதரம் இருமிவிட்டுத் தலையை மற்றப் பக்கம் சாய்த்துக்கொண்டான். "போவம்," என்றாள் வாசலில் நின்ற நகுலேஸ்வரி. "இவரையும் கொண்டுபோய்க் காட்டுவம்."

எல்லையில் அதிகாரி நாலு பாஸ்போட்டை வாங்கி, நாலு முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் தூங்கியவனைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இரண்டரை மணிக்கு அன்ற்வேர்ப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பேக்கரியில் வேலை செய்யும் யோகராஜா, தலை வழுக்கை விழுந்து, மாப்படிந்த காற்சட்டையோடு தெருவுக்கே இறங்கி வந்தார். பத்மநாதன் வணக்கம்கூடச் சொல்லாமல், பிள்ளைகளுக்கு முன்னாலேயே, "நான் வேணுமெண்டுதான் உன்னை எழுப்பேல்லை," என்றார்.

"தெரியும்," என்றார் யோகராஜா. "நான் நித்திரை இல்லையடா. நீ பையைத் தூக்கினது, திரும்பிப் பாத்தது எல்லாம் தெரியும். எழும்பினால் இருமிப்போடுவன், ரெண்டு பேரும் பிடிபடுவம். அதுதான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான்."

அறைந்திருந்தால் பத்மநாதன் தாங்கியிருப்பார். இருபத்தைந்து வருடமாகத் தான் பறித்ததாக நினைத்து மறைத்து வைத்திருந்ததை அந்த மனிதர் தானாகவே கொடுத்திருக்கிறார் என்பதை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தெருவோரக் கல்லில் குந்திவிட்டார். கோசிகா வந்து பக்கத்தில் இருந்தாள்; அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

யோகராஜா காரின் பின்கதவைத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்த தன்னையே பார்த்தார். "அண்டையில இருந்து எனக்கு நித்திரையே இல்லை. எத்தினை நித்திரைக் குளிசை போட்டுப் பாத்தன். இஞ்சயோ கிடக்குது!" என்றார். பிறகு குனிந்து, ஓட ஆயத்தமாய் இறுக்கிக் கட்டியிருந்த சப்பாத்துக் கயிறுகளை அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் கழற்றிக் கீழே வைத்தார். எழுப்ப முயலவில்லை.

சனிக்கிழமை அவர்கள் லண்டனுக்குத் திரும்பினார்கள், அவனும் வந்தான். அன்ற்வேர்ப்பில் யோகராஜாவுக்கு இப்போது எட்டு மணி நேரம் நித்திரை வருகிறதாம். வேலைக்குப் பிந்திப் போய் இரண்டு தடவை பேச்சும் வாங்கியிருக்கிறார். சட்டனில் கார் வழமைபோல் ஓடுகிறது. மயூராவைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்த வேண்டும் என்பதற்காக, பத்மநாதன் தினமும் ஒருமுறை இறங்கிப் பின்பக்கம் போகிறார்.