திருப்பி அனுப்ப ஆள் வேண்டும்

பெரிய கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் இருபது வருடமாக எழுத்தராக இருப்பவளுக்குக் கடிதம் எழுதுவது கைவந்த கலை. அவள் எழுதிய கடிதம் ஒன்று அவளுடைய அக்கா வீட்டுக்கே போய்ச் சேர்ந்ததில்தான் வந்தது வினை.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பத்துப் பேர் விண்ணப்பித்தால் ஆறு பேருக்கு இடம் கிடைக்கும். கல்லூரிக்குப் பெயர் வந்தது வாத்தியார்களாலும் நூலகத்தாலும். பிறகு ஒரு பத்திரிகை கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பட்டியல் போட ஆரம்பித்தது. எது அதிகம் பேரை வேண்டாம் என்று அனுப்புகிறதோ அது உசத்தி. உள்ளே இருப்பதோ அதே தொள்ளாயிரம் இடம். மதிப்புக் கூட வேண்டுமானால் வாசலில் கூட்டம் கூட வேண்டும். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘சல்லடை’ என்று சொல்லும் சேர்க்கை அதிகாரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தக் காலத்திலும் இடம் கிடைக்காத மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் முகவரியைத் தேடிப் பிடித்து, விண்ணப்பிக்கச் சொல்லி ஆசைக் கடிதம் போடுவது.

“நல்லா படிக்கிறவன் தானா வருவான்மா. நமக்குத் திருப்பி அனுப்பத்தான் ஆள் வேணும். கொஞ்சம் உருகி எழுதுங்க.”

அவள் உருகித்தான் எழுதினாள். ‘உங்களைப் போன்ற ஒருவரைத்தான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தோம்.’ பன்னிரண்டாயிரம் பிரதிகள் போயின. முகவரியை இயந்திரம் ஒட்டியது. பெயரை யார் பார்த்தார்கள்?

புதன்கிழமை அக்கா தன் மகளோடு வந்து நின்றாள். கையில் அந்தக் கடிதம்.

“அடி அமுக்கி, சொல்லாம கொள்ளாம சிபாரிசு பண்ணியிருக்கே பாரு. என் நாத்தனார் வாய் அப்படியே அடைச்சுப்போச்சு.”

அந்தப் பெண்ணுக்கு மருத்துவமனைப் பள்ளியில் ஸ்கேன் எடுக்கும் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் போய்விடும். “இனிமே அது எதுக்கு சித்தி?” என்று சிரித்தாள் பெண்.

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் சொந்தக்காரர்களிடையே அவள் ‘பெரிய காலேஜ்காரி’. கல்யாண வீட்டில் அவளுக்கு முன்வரிசை நாற்காலி. “ஏதோ என்னால ஆனது” என்று நாக்கு வழுக்கிவிட்டது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அலுவலக மாடிப்படியில் நின்று போன் செய்தாள்.

“அக்கா, அந்த ஸ்கேன் சீட்டை விட்டுடாதே. இங்க போட்டி ரொம்ப. எதுக்கும் கையில ஒண்ணு இருக்கட்டும்.”



“உன் பொண்ணுக்கு அங்க கிடைக்கலை இல்ல?” என்றாள் அக்கா நிதானமாக. “அதுக்காக என் பொண்ணும் மெஷின் பக்கத்துலயே நிக்கணுமா? உன் மனசு இவ்வளவு சின்னதுன்னு நான் நினைக்கலைடி.”

ஆறிய புண்ணில் ஆணி இறங்கியது. தன் மகளுக்கு இடம் கிடைக்காததை, ‘அவளுக்கே இஷ்டமில்லை’ என்று ஊருக்கெல்லாம் சொல்லி மூடிவைத்திருந்தாள். அப்போதுகூட ஒரு வரி போதும்: ‘அது தேறாத பிள்ளைகளுக்குன்னு நான் எழுதின கடிதம்.’ நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வந்தது வேறு.

“சரிக்கா. அப்ப விட்டுடு. நிச்சயம் கிடைக்கும்.”

என்ன சொல்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னாள். பிறகு படியேறிப் போய், சாப்பாட்டு டப்பாவை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் காலி செய்தாள்.

அந்த வருடம் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேரைத் திருப்பி அனுப்பினார்கள். கல்லூரி பட்டியலில் நாலு படி ஏறியது. அலுவலகத்தில் கேக் வெட்டியபோது சல்லடை முதல் துண்டை அவளிடம் நீட்டினார். “எல்லாம் உங்க கடிதம்தாம்மா.” திரும்பியவர்களில் அக்கா மகளும் ஒருத்தி. ஸ்கேன் இடம் வேறொருத்திக்கு எப்போதோ போயிருந்தது. அந்தப் பெண் ஒரு துணிக்கடையில், வாடிக்கையாளர் கலைத்துப் போட்டதை மடித்து அடுக்கும் வேலைக்குப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று அவள் பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அக்காவோ நாற்காலி நுனியில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு போன்ல நான் வாய விட்டுட்டேன். அதனாலதானே சிபாரிசை நிறுத்திட்டே? நியாயம்தான்டி. என் நாக்குல சூடு வைக்கணும். ஆனா இவ என்ன பாவம் பண்ணினா?” மகள் பக்கம் திரும்பினாள். “நீயும் கேளுடி.”

பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “மன்னிச்சிடுங்க சித்தி. அம்மா பேசினது தப்பு. அடுத்த வருஷமாவது எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க.”

உண்மையைச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். மன்னிப்பதற்கு ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை.

“போகட்டும் விடுக்கா,” என்றாள் அவள். “நான் எதையும் மனசுல வெச்சுக்கிறவ இல்லை.”